‘முடியும்’ என்று யார் கையெழுத்துப் போடுவார்?

“இது நீங்க குடுத்த லெட்டர்தானே, மேடம்?”

மிஸ் லிம் நீலக் கோப்பிலிருந்து ஒரு தாளை உருவி, மேசைமேல் என் பக்கமாகத் திருப்பி வைத்தார். பள்ளிக்கூடத்தின் சந்திப்பு அறை அது. குளிரில் என் பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு தட்டு நிறைய பிஸ்கட். பெற்றோருக்குக் கெட்ட செய்தி சொல்லும் நாள்களில் மட்டும் அந்தத் தட்டு வெளியே வரும் என்று ஐந்து வருட அனுபவத்தில் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

நான் கை நீட்டுவதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள் யாழினி தாளை எடுத்துவிட்டாள். பதினொரு வயது, தொடக்கப்பள்ளி ஐந்து. நடப்பதில் நிதானம் உண்டு. படிப்பதில் அது கிடையாது. நான் முதல் வரியில் தடுமாறும் நேரத்தில் அவள் கடைசி வரிக்குப் போய்விடுவாள்.

“வெளிப்புற நடவடிக்கை எதுலயும் சேர்க்கக் கூடாது. பெர்மனன்ட்லி.” அந்தச் சொல்லில் அவள் விரல் நின்றது. “அம்மா, நீ கேட்டுக்கிட்டதாலன்னு போட்டிருக்கு.”

நான் பிஸ்கட்டைப் பார்த்தேன்.

அந்த வருடம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் மூன்று நாள் முகாமுக்குப் போகிறார்கள். பட்டியலில் தன் பெயர் மட்டும் ஏன் இல்லை என்று கேட்கத்தான் யாழினி என்னைப் பள்ளிக்கு இழுத்து வந்திருந்தாள். நான்கு வருடமாக அவளிடம் நான் சொல்லி வந்தது, “ஸ்கூல்ல விட மாட்டேங்கிறாங்க கண்ணு, என்ன செய்றது?” நான்கு வருடமாகப் பள்ளிக்கூடம் நினைத்து வந்தது, “அம்மாவுக்கு விருப்பமில்லை, என்ன செய்வது?” இரண்டு தரப்பும் சேர்ந்து அவளை அவ்வளவு நன்றாகப் பாதுகாத்திருந்தோம்.

மிஸ் லிம் ஆங்கிலத்தில் பேசியதையெல்லாம் என் தமிழில் எழுதுகிறேன். அவருடைய ஆங்கிலம் இதைவிட மரியாதையானது.

ஐந்து நிமிடத்தில் ஒரு ‘முடியாது’

அந்தக் கடிதத்தின் பிறப்பைச் சொல்லிவிடுகிறேன்.

யாழினி அவசரப்பட்டுப் பிறந்தவள். மூளையிலிருந்து கால்களுக்குப் போகும் உத்தரவு சரியாகப் போய்ச் சேருவதில்லை, ‘சிபி’ என்று இரண்டெழுத்தில் சொன்னார்கள். வாய்க்குப் போகும் உத்தரவில் எந்தக் குறையும் இல்லை என்பது பிற்பாடு தெரிந்தது. இரண்டு காலிலும் முழங்காலுக்குக் கீழே பிளாஸ்டிக் உறை, கையில் சக்கரம் வைத்த வாக்கர். அவ்வளவுதான்.

நம் ஊரில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது சட்டப்படி கட்டாயம். சிறப்புத் தேவை அதிகம் உள்ள பிள்ளைகளுக்கு முன்பெல்லாம் விலக்கு இருந்தது. இப்போது அவர்களையும் சட்டத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். நல்ல சட்டம். ஆனால் என்னைப் போன்றவளுக்குச் ‘சட்டம்’ என்று காதில் விழுந்தாலே, யாரோ கதவைத் தட்டுவது போல இருக்கும். முதல் வகுப்புக்கு முன்னால் பள்ளியைச் சுற்றிக் காட்ட அழைத்தார்கள். மற்ற பெற்றோர் நூலகத்தையும் கணினி அறையையும் பார்த்தார்கள். நான் கால்வாயைப் பார்த்தேன். படிக்கட்டைப் பார்த்தேன். மற்ற பிள்ளைகளின் கால்களைப் பார்த்தேன். எல்லாரும் என் பெண்ணைத் தட்டிவிடுவதற்கென்றே கால் வளர்த்திருந்தார்கள்.

நேராக யாழினியோடு பலதுறை மருந்தகத்துக்குப் போய் டாக்டரைப் பார்த்தேன்.

நான் உயர்நிலை இரண்டோடு படிப்பை நிறுத்தியவள். ஆங்கிலத்தில் அச்சடித்து, கீழே முத்திரை குத்திய எந்தத் தாளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன். என்னிடமும் அப்படி ஒரு தாள் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று தோன்றியது.

“வெளிப்புற நடவடிக்கையிலேர்ந்து எவ்வளவு நாளைக்கு விலக்கு வேணும்?” என்று கேட்டார் டாக்டர்.

“எப்பவுமே, டாக்டர்.”

“எப்பவுமேவா?”

“சேஃப்டிக்கு, டாக்டர்.”

இந்த ஊரில் அந்தச் சொல்லை உச்சரித்துவிட்டால் அதற்குமேல் யாரும் குறுக்குக் கேள்வி கேட்க மாட்டார்கள். ஐந்து நிமிடத்தில் தாள் கையில் வந்துவிட்டது. காய்ச்சலுக்கு இரண்டு நாள் எம்சி, அதாவது மருத்துவ விடுப்புச் சான்றிதழ், கேட்டால் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்ப்பார்கள். ஆயுள் முழுவதற்கும் எம்சி கேட்டபோது யாழினியை எழுந்து நிற்கச் சொல்லிக்கூடப் பார்க்கவில்லை. நானும் அதைப் பெரிய மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு என் மகள் ராணி மாதிரி இருந்தாள். விளையாட்டு தினத்தில் எல்லாரும் வெயிலில் ஓட, அவள் நிழலில் உட்கார்ந்து வகுப்புப் பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில்களைக் காவல் காத்தாள். ஒரு பாட்டில்கூடத் தொலையவில்லை. வகுப்பே விலங்கியல் தோட்டத்துக்குப் போன அன்று நூலகத்தில் புத்தகம் அடுக்கினாள். அந்த வருடக் கடைசியில் ‘சிறந்த நூலக உதவியாளர்’ என்று சான்றிதழ் கொடுத்தார்கள். நான் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினேன். ஒட்டகச்சிவிங்கியைப் பார்க்காததற்குக் கொடுத்த சான்றிதழ் அது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வீட்டில் தமிழ் நின்றது

சந்திப்பு முடிந்து பிடோக்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் பேருந்தில் திரும்பினோம். அவள் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் திறந்தாள், ஆங்கிலத்தில்.

அதுதான் எனக்குத் தண்டனை. அன்றிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை தமிழ் கிடையாது. என் ஆங்கிலம் தேக்கா சந்தை மாடியில் இருக்கும் என் தையல்கடையில் கற்றுக்கொண்டது. ஸ்லீவ், லைனிங், பின்பக்கம் ஜிப் என்ற வட்டத்துக்குள் சரளமாகப் பேசுவேன். அதற்கு வெளியே மூச்சுத் திணறும். அவளுக்கு அது தெரியும்.

என் கணவர் சேகர் ரயில் பழுதுபார்க்கும் வேலை செய்பவர். ஒரு ரயில் நின்றுபோனாலும் பதறாத மனிதர். எங்கள் இருவருக்கும் நடுவில் அவர் மொழிபெயர்ப்பாளர் ஆனார்.

“என்னங்க சொல்றா?”

“சாம்பார் வேணாமாம்.”

“அவ்வளவு நேரம் பேசினாளே?”

“மீதிய வடிகட்டிட்டேன்.”

யாழினிக்கு வாய் சும்மா இருக்காது என்பதற்கு ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். கேலாங் பக்கம் ஒரு கோயிலுக்குப் போயிருந்தோம். அவளுக்கு அப்போது எட்டு வயது. பட்டுச் சேலை கட்டிய ஒரு பெண்மணி அவள் தலையில் கைவைத்து, உச்சுக்கொட்டி, என்னிடம் கேட்டார்: “பாவம். பேசுமா?”

“பேசுவேன் ஆன்ட்டி. தமிழ், இங்கிலீஷ் ரெண்டும். உங்களுக்கு எது வேணும்?”

பெண்மணி கையை எடுத்துக்கொண்டு பிரகாரத்தைச் சுற்றப் போனார். சேகர் திரும்பி நின்று சிரித்தார். நான் மட்டும், அந்த அம்மா ஏதாவது சாபம் கொடுத்துவிடுவாரோ என்று அடுத்த வாரம் முழுக்கக் கவலைப்பட்டேன்.

அப்படிப்பட்ட பிள்ளை, இப்போது என்னிடம் சோறு வேண்டுமா என்றால் “நோ, தேங்க் யூ” என்கிறாள். வெளியாளிடம் பேசுவது மாதிரி. மூன்றாம் நாள் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு தாள் கொடுத்துத்தானே கெடுத்தோம், இன்னொரு தாள் கொடுத்து நேராக்கிவிடலாம் என்று கிளம்பினேன்.

கையெழுத்துத் தேடி ஒரு யாத்திரை

பள்ளியில் தெளிவாகச் சொன்னார்கள். டாக்டர் ‘முடியும்’ என்று எழுதிக் கொடுத்தால் யோசிப்பார்களாம்.

மருந்தகத்தில் பழைய டாக்டர் இல்லை. வேறொருவர், சின்ன வயசு. கணினியைப் பார்த்தார், யாழினியைப் பார்த்தார், மறுபடியும் கணினியிடமே அடைக்கலம் போனார்.

“முடியாதுன்னு எழுதறது பிரச்சினை இல்ல, மேடம். முடியும்னு நான் எழுதி, அங்க ஏதாவது ஆச்சுன்னா?”

“ஏதாவதுன்னா, டாக்டர்?”

கேட்டிருக்கக் கூடாது. அவர் சொன்னதும் சொல்லாததும் சேர்ந்து இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மருத்துவமனையில் நிபுணரைப் பாருங்கள் என்றார். மருத்துவமனையில் தேதி கொடுத்தார்கள். முகாம் முடிந்து ஐந்து வாரம் கழித்து.

முகாம் நடத்தும் இடத்துக்கே போன் போட்டேன். ஒரு பெண் தேன் ஒழுகப் பேசினாள். “நாங்க எல்லாப் பிள்ளைங்களையும் வரவேற்கிறோம். ஸ்கூல் சம்மதிச்சா போதும்.” பள்ளி சொல்வது, டாக்டர் சம்மதித்தால் போதும். டாக்டர் சொல்வது, நிபுணர் சம்மதித்தால் போதும். எல்லாரும் நல்லவர்கள். எல்லாரும் சம்மதிக்கத் தயார், இன்னொருவர் முதலில் சம்மதித்தால். நடுவில் நான் வாக்கர் இல்லாமலே தள்ளாடிக்கொண்டிருந்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கதவும் சாத்தப்பட்டபோது, என் நெஞ்சின் ஒரு மூலையில் யாரோ விசிறிவிட்டது போல இருந்தது. நான் முயற்சி செய்தேன், கிடைக்கவில்லை, என்ன செய்வது? அலைந்த பெயர் எனக்கு, பிள்ளை பத்திரமாக வீட்டில். இதைவிட ஒரு தாய்க்கு என்ன வேண்டும்?

ஷமீமா கேட்டது

அந்த நேரத்தில்தான் என் வாடிக்கையாளர் ஷமீமா கடைக்கு வந்தாள். வழக்கறிஞர். தஞ்சோங் பகாரில் ஒரு உயரமான கட்டடத்தில் அலுவலகம். கடையநல்லூரிலிருந்து வந்த அவளுடைய பாட்டனார் ஒரு காலத்தில் அதே தஞ்சோங் பகாரில் துறைமுகத்தில் மூட்டை தூக்கினாராம். “நான் ஃபைல் தூக்குறேன் அக்கா, அதே கனம்தான்” என்பாள். மலாய்ப் பெண்கள் உடுத்தும் நீள உடுப்பான பாஜு கூரோங் ஒன்றைப் பிரித்துத் தைக்கக் கொண்டுவந்திருந்தாள். நான் தையலைப் பிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன்.

“கேஸ் போடலாமா, ஷமீமா?”

“யார் மேல? லெட்டர் வாங்கிக் குடுத்தது நீங்க. உங்க மேலதான் போடணும் அக்கா.”

ஊசி விரலில் குத்தியது.

“அப்ப சட்டம் என்னதான் சொல்லுது?”

“ஸ்கூலுக்கு அனுப்பலைன்னா உங்களப் பிடிக்கும் லா. ஸ்கூலுக்கு வந்த பிள்ளைய முகாமுக்குக் கூட்டிட்டுப் போகலைன்னா யாரையும் பிடிக்காது.”

“அழகா இருக்கே சட்டம்.”

“இருங்க. ஐ.நா.வுல ரெண்டு ஒப்பந்தம் இருக்கு. ஒண்ணு பிள்ளைங்க உரிமைக்கு, இன்னொண்ணு உடற்குறை உள்ளவங்களுக்கு. ரெண்டுலயும் நம்ம நாடு சேர்ந்திருக்கு. அதை எடுத்துக்கிட்டு நீங்க நேரா கோர்ட்டுக்குப் போக முடியாது. ஆனா மேசை மேல வைக்கலாம்.”

“அதுல என்ன எழுதியிருக்கு?”

“நிறைய இருக்கு. உங்களுக்கு வேண்டியது ஒண்ணுதான். பிள்ளையப் பத்தி முடிவெடுக்கும்போது பிள்ளையக் கேக்கணும்.”

“பிள்ளைன்னா, பிள்ளையோட அம்மாவையா?”

“பிள்ளைன்னா பிள்ளைய, அக்கா.”

உலகத்திலுள்ள நாடுகளெல்லாம் உட்கார்ந்து பேசி, பதினொரு வயதுப் பெண்ணிடம் அபிப்பிராயம் கேட்க வேண்டும் என்று எழுதிவைத்திருக்கின்றன. அவர்களில் யாரும் பதினொரு வயதுப் பெண்ணோடு குடியிருந்ததில்லை போலிருக்கிறது.

“முகாம்ல எது அவளுக்குக் கஷ்டமா இருக்கும்னு யாழினியக் கேட்டீங்களா?” என்றாள் ஷமீமா.

நான் மருந்தகத்தைக் கேட்டிருந்தேன். மருத்துவமனையைக் கேட்டிருந்தேன். தேன் ஒழுகும் பெண்ணைக் கேட்டிருந்தேன்.

“முடியுமான்னு கேட்டா எல்லாரும் முடியாதுன்னுதான் சொல்வாங்க, அது ஈஸி. எப்படின்னு கேளுங்க. அதுக்கு மேலயும் முடியாதுன்னா, எது முடியாது, ஏன் முடியாது, வேற என்ன வழி பாத்தீங்க, எல்லாத்தையும் எழுத்துல குடுங்கன்னு கேளுங்க. கத்தாதீங்க. மரியாதையா கேளுங்க.”

உடுப்பை அடுத்த வாரம் தருகிறேன் என்றேன். அவள் போன பிறகு பார்த்தால், பிரிக்க வேண்டாத பக்கத்தையும் பிரித்து வைத்திருந்தேன்.

கடைசிப் பக்கத்துப் பட்டியல்

அன்று சாயங்காலம் யாழினியின் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

“முகாம்ல உனக்கு எதெது கஷ்டமா இருக்கும், கண்ணு?”

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஏதோ தந்திரமோ என்று என் முகத்தைத் துழாவினாள். பிறகு கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். எழுதி வைத்திருந்தாள், என்றைக்கோ.

“படி, கைப்பிடி இருந்தா ஏறுவேன். இல்லைன்னா ரெண்டு பேர் வேணும். சாப்பாட்டுத் தட்டு தூக்க முடியாது, சித்தி தூக்குறேன்னு சொல்லிட்டா.” சித்தி என்பது உறவுமுறை இல்லை, பக்கத்து இருக்கையில் உட்காரும் மலாய்த் தோழியின் பெயர். “கயிறு ஏறணும். பெல்ட் போட்டு மேல இழுத்தா போதும். மணல்ல வாக்கர் போகாது, அங்க மட்டும் சக்கர நாற்காலி. குளிக்கற இடத்துல ஒரு ஸ்டூல்.”

தமிழில் பேசுகிறாள் என்பதே எனக்குப் பட்டியலின் பாதியில்தான் உறைத்தது. நான் சத்தம் காட்டாமல் நின்றேன். கடைசி வரியை மட்டும் உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

“அது என்ன?”

“அது அப்புறம்.”

பட்டியலை எடுத்துக்கொண்டு அவளுடைய உடற்பயிற்சி சிகிச்சையாளரிடம் போனோம். ஐந்து வருடமாக அவள் கால்களைப் பிடித்துவிட்டு, நடக்க வைத்தவர். அவரும் முதலில், “முடியும்னு நான் எழுத முடியாது” என்றார். யாழினி நோட்டை நீட்டினாள். “முடியும்னு வேணாம். எப்படின்னு மட்டும் எழுதுங்க.” அவர் நோட்டை வாங்கிப் படித்தார். பிறகு உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினார். எந்தப் படிக்கு எத்தனை பேர், கால் உறையில் எந்த நாடாவை முதலில் இறுக்க வேண்டும் என்பது வரை.

பள்ளிக்குக் கடிதத்தை யாழினி தட்டச்சு செய்தாள். நான் மரியாதையைச் சேர்த்தேன். மூன்று இடத்தில் ‘தயவுசெய்து’ போடச் சொன்னேன். அவள் இரண்டை எடுத்துவிட்டாள்.

இந்தத் தடவை பிஸ்கட் இல்லை

இரண்டாவது சந்திப்புக்குத் துணைத் தலைமையாசிரியரும் வந்திருந்தார். கடிதத்தின் கடைசிப் பத்தியை இரண்டு முறை படித்தார்.

“எழுத்துலயா கேக்கறீங்க, மேடம்?”

“தயவுசெய்து” என்றேன், மிஞ்சியிருந்த ஒன்றைப் பயன்படுத்தி.

“நாங்க முடியாதுன்னு சொல்லவே இல்லையே.”

அதுவும் உண்மைதான். ‘முடியும்’ என்று எழுதத்தான் ஆளில்லை என்று நினைத்திருந்தேன். ‘முடியாது’ என்று தன் பெயரைப் போட்டு எழுதவும் ஆளில்லை என்பது அந்த அறையில்தான் தெரிந்தது. நான்கு வருடமாக என் பெயர் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்ததால் வேறு யாருக்கும் தேவைப்படவில்லை.

துணைத் தலைமையாசிரியர் யாழினி பக்கம் திரும்பினார். “நீ என்ன நினைக்கற?”

அவள் பட்டியலை வாசித்தாள். ஒவ்வொன்றுக்கும் அவர் தலையாட்டினார். கயிற்றில் மட்டும் புருவம் உயர்ந்தது. சிகிச்சையாளரின் தாளில் அந்தப் பத்தியைக் காட்டியதும் இறங்கியது. குளிக்கும் இடத்தில் எல்லாரும் நின்றுபோனார்கள். ஈரத் தரையில் கால் உறையைக் கழற்ற வேண்டும், மாட்ட வேண்டும். அதற்கு ஒரு பெரியவர் வேண்டும். யார்?

எனக்கு வாழ்க்கையில் இப்படி ஒரு வாய்ப்பு வந்ததில்லை.

“நான் வர்றேன்! கடைய மூடிட்டு வந்துடறேன். ஒரு மூலையில உக்காந்திருப்பேன். நான் இருக்கறதே யாருக்கும் தெரியாது.”

துணைத் தலைமையாசிரியர் முகத்தில் வெளிச்சம் பரவியது. அவர் கவலையும் தீர்ந்தது, என் கவலையும் தீர்ந்தது.

யாழினி உள்ளங்கையை எடுத்து, பட்டியலின் கடைசி வரியை வாசித்தாள். “அம்மா வந்தா நான் வரலை.”

யாருக்கும் சந்தேகம் இருக்கக் கூடாது என்று அதையே ஆங்கிலத்திலும் சொன்னாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, கொஞ்சம் குரலை இறக்கி, “நீ வந்தா அது முகாம் இல்லம்மா. நம்ம வீடுதான், கொசுவோட” என்றாள்.

என் பிள்ளையைக் கேட்க வேண்டும் என்று சட்டம் பேசி, பாடுபட்டு, கேட்க வைத்தது நான். அவள் முதல் வேலையாக என்னைத்தான் பட்டியலிலிருந்து எடுத்தாள்.

மிஸ் லிம் மேசையிலிருந்த பேனாவை எடுத்தார். “நான் பார்த்துக்கறேன். அதை எப்படிக் கழற்றறதுன்னு யாழினி எனக்குச் சொல்லிக் குடுக்கட்டும்.” குளிக்கும் இடம் என்று எழுதியிருந்த வரிக்குப் பக்கத்தில் தன் பெயரை எழுதினார். அத்தனை அலைச்சலில், தன் பெயரை எழுதிய முதல் ஆள் அவர். எனக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. எனக்குக் கிடைக்க வேண்டிய வேலையை அவர் பறித்துக்கொண்டது போல இருந்தது.

வெளியே வரும்போது, அந்தப் பழைய கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன்.

“கோப்பிலிருந்து எதையும் எடுக்க மாட்டோம், மேடம். சேர்க்கத்தான் செய்வோம்.”

குளிர்பெட்டிமேல் ஒரு தாள்

எல்லாம் முடிந்தது என்று நினைத்தால், பெற்றோர் ஒப்புதல் படிவம் வந்தது. ஆபத்துகளை நான் புரிந்துகொண்டேன், சம்மதிக்கிறேன், கையெழுத்து. எல்லாரும் ஒருவரையொருவர் காட்டிக்கொண்டு நின்ற அந்த வரிசையின் கடைசியில் நான்தான் நின்றுகொண்டிருந்தேன்.

ஆபத்துகளைப் புரிந்துகொண்டேனாம். என்னைவிட யார் புரிந்துகொண்டிருக்கிறார்கள்? படிவத்தில் ஏழு போட்டிருந்தார்கள். அதில் குளவி இல்லை. இடி மின்னல் இல்லை. மேல் படுக்கையிலிருந்து இன்னொரு பிள்ளை இவள்மேல் விழுவது இல்லை.

வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். செவ்வாயிலிருந்து அந்தத் தாள் குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. யாழினி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அந்த இடத்தைக் கடக்கும்போது மட்டும் வாக்கரின் சக்கரச் சத்தம் மெதுவாகும்.

வியாழக்கிழமை நான் சேகரிடம் சொன்னேன். “என்னால முடியலைங்க. நீங்க போட்டுடுங்களேன். ஒருத்தர் போட்டா போதும்னுதானே இருக்கு?”

“நானும் அதைத்தான் அவகிட்ட சொன்னேன். வேணாங்கறா.”

“ஏனாம்?”

“முடியாதுன்னு எழுதினவங்கதான் முடியும்னும் எழுதணுமாம்.”

அவர் இந்தத் தடவை எதையும் வடிகட்டவில்லை.

மறுநாள் காலை பள்ளிப் பேருந்து கீழே வந்து நின்றபோது, தாளைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். பேனா பாதியில் எழுதவில்லை. உதறிவிட்டு, மேலேயே மறுபடியும் போட்டேன். பார்ப்பதற்கு இரண்டு பேர் சம்மதித்த மாதிரி இருந்தது.

“தேங்க்ஸ் மா” என்று சொல்லி அவள் வாங்கிக்கொண்டு மின்தூக்கிக்குள் போய்விட்டாள். நான் கதவருகிலேயே நின்றேன். ஓடிப்போய்ப் பிடுங்கிவிடலாமா என்று, மின்தூக்கி ஆறாவது மாடிக்கு இறங்கும் வரைக்கும் யோசித்தேன்.

போன் அடிக்காத மூன்று நாள்

அவசரம் என்றால் மட்டும்தான் அழைப்போம் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். மூன்று நாளும் போன் அடிக்கவில்லை. அடித்தால் பயம். அடிக்காவிட்டால், அழைக்கக்கூட முடியாத அளவுக்கு என்ன ஆயிற்றோ என்று பயம். ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கைக்கு முன்பக்கமும் பின்பக்கமும் கொக்கி வைத்துத் தைத்தேன். அந்தப் பெண் போட்டுப் பார்த்துவிட்டு, “இது எந்தப் பக்கம் திறக்கும், அக்கா?” என்று கேட்டாள். “உன் இஷ்டம்” என்றேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்குப் பேருந்து வரும் என்றார்கள். நான் ஒன்றரைக்கே பள்ளி வாசலில் இருந்தேன்.

எல்லாப் பிள்ளைகளும் இறங்கினார்கள். பிறகு சித்தி வாக்கரைக் கீழே இறக்கினாள். அதற்குப் பின்னால் யாழினி. கறுத்துப்போயிருந்தாள். சட்டையில் மண். ஒரு முழங்காலில் பெரிய பிளாஸ்டர், முழங்கையில் இன்னொன்று.

எனக்குள் நான்கு வருடமாகக் காத்திருந்த ஒருத்தி எழுந்து நின்று, பார்த்தாயா, நான் சொல்லவில்லையா என்றாள்.

மிஸ் லிம் கையில் ஒரு தாளோடு வேகமாக வந்தார். மூன்று நாளில் அவர் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பயந்திருந்தார். யாருக்குப் பயப்படுகிறார் என்று எனக்குச் சட்டென்று புரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, அந்த ஆள் நான்தான் என்று.

“மன்னிக்கணும், மேடம். நேத்து விழுந்துட்டா. மருந்து போட்டோம், தலையில எதுவும் படலை, ரெண்டு தடவை பார்த்துட்டோம்.”

“கயித்துலேர்ந்தா?”

“இல்லை. கயிறு ஏறினா, ஒண்ணும் ஆகலை. சாப்பாட்டு மணி அடிச்சது. எல்லாரும் ஓடினாங்க. இவளும் ஓடினா.”

நான் யாழினியைப் பார்த்தேன். “ஓடினியா?”

“வாக்கரோட.”

“எதுக்குடி?”

“சிக்கன் தீந்துடும்னு.”

பதினொரு வருடத்தில் அவள் ஓடி நான் பார்த்ததில்லை. அதற்கு அவசியமே வராதபடி எல்லாவற்றையும் அவள் பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருந்தேன்.

மிஸ் லிம் தாளை நீட்டினார். நடந்தது இன்னது என்று நான் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். கடைசியில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. அதன்மேல் பேனாவை வைத்துக்கொண்டு கேட்டார். “இங்க ஒரு குறிப்பு எழுதிடலாமா, மேடம்? இனிமே ஓட விடக் கூடாதுன்னு? உங்களுக்கும் நிம்மதியா இருக்கும்.”

அவர் நல்லதற்குத்தான் கேட்டார். கோப்பில் போய்ச் சேரும், அதற்கப்புறம் யாரும் எடுக்க மாட்டார்கள். சீக்கிரம் ஆறாம் வகுப்பு, பிறகு உயர்நிலைப்பள்ளி, போகிற இடமெல்லாம் அந்தத் தாள் அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். ‘எழுதுங்க மிஸ்’ என்ற இரண்டு சொல்லும் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தன. பிளாஸ்டரின் ஓரத்தில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. யாழினி என்னைப் பார்க்கவில்லை, வாக்கரின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேண்டாம், மிஸ்.”

என் குரல் எனக்கே கேட்கவில்லை. அதனால் இன்னொரு முறை சொன்னேன்.

மிஸ் லிம் அந்தக் கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டார். அவர் தோள் இறங்கியது.

நான் திரும்புவதற்குள் யாழினி பேருந்து நிறுத்தத்தைப் பார்த்துக் கிளம்பிவிட்டாள். எங்கள் பேருந்து தூரத்தில் வந்துகொண்டிருந்தது. சக்கரங்கள் கடகடவென்று உருண்டன. அது நடையா ஓட்டமா என்று எந்த டாக்டராலும் எழுதித் தர முடியாது.

“பாத்து! மெதுவா! விழுந்துடப் போற!”

தெருவில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள், அவளைத் தவிர. நான் அவள் முகாம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பு வழுக்க, மூச்சு வாங்க, பின்னால் ஓடினேன். எட்டிப் பிடிக்க முடியவில்லை.